உங்க கார்டுல இருக்கறது என்னங்ணா?

என்னிடம் தன் ஸ்டார்ட்அப்புக்கு லோகோ கேட்டிருந்த அந்தத் தம்பி அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. கிண்டலாக இருந்திருந்தால் நானும் கிண்டலாகவே ஏதாவது சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிருப்பேன்.

எல்லா ஸ்டார்ட்அப் லோகோவும் ஏன் ஒரே மாதிரி இருக்கிறது என்று நான் அப்போதுதான் ஒரு நீண்ட பேச்சை முடித்திருந்தேன். பெயர் முழுக்க ஸ்மால் லெட்டர், செரிஃப் (எழுத்து முனைகளில் நீட்டுகிற சின்னக் கோடு) இல்லாத மொட்டை எழுத்து, ஓரத்தில் ஒரு புள்ளி, நீலத்தில் தொடங்கி ஊதாவில் முடிகிற நிறம். கூகுள் 2015-ல் தன் செரிஃப் எழுத்தைக் கழற்றிப் போட்டதையும், பர்பெர்ரி மாதிரி நூறு வருஷம் தாண்டிய இங்கிலாந்துத் துணிக் கம்பெனியே 2018-ல் மொட்டை எழுத்துக்கு வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "பேரை மறைச்சுட்டா இதுல யாரு யாருன்னு உங்களால சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். பல கூட்டங்களில் கேட்ட கேள்விதான். கேட்டதும் எதிரில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், நான் என் முதல் ஆப்ஷனைத் திறப்பேன்.

தம்பி சிரிக்கவில்லை. மேஜையில் கிடந்த என் விசிட்டிங் கார்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க கார்டுல இருக்கறது என்னங்ணா?" என்றார். என் ஸ்டூடியோவின் பெயர்தான் இருந்தது. ஸ்மால் லெட்டரில், மொட்டை எழுத்தில், கடைசியில் ஒரு புள்ளியோடு.

பதில் உடனே வந்தது. "அது வேற தம்பி. நாங்க டிசைனருங்க. கிளையண்ட் வேலை முன்னால நிக்கணும், நாங்க பின்னால நிக்கணும். அதான் அமைதியா வெச்சிருக்கோம்."

"எங்களுக்கும் அப்படித்தாங்ணா. லாரிக்காரரு முன்னால நிக்கட்டும். நாங்க பின்னால நின்னுக்கறோம்."

நாமக்கல் பக்கத்து லாரி உரிமையாளர்களுக்கு ரிட்டன் லோடு, அதாவது காலியாகத் திரும்பாமல் இருக்கச் சரக்கு, பிடித்துக் கொடுக்கிற ஆப் அவர்களுடையது. என் பதிலையே எடுத்து, ஒரு வார்த்தை கூட்டாமல் எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது சரியாக நினைவில்லை. சந்தையில் நிறைய பேர் இருக்கும்போது தனித்துத் தெரிய வேண்டும் என்று ஏதோ சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியது என்று பிறகு தோன்றிய பதில்கள் பல. ஸ்டூடியோவுக்கு வேலை வருவது தெரிந்தவர் மூலம், ஆப்பை முன்பின் தெரியாத ஒருவர் போனில் இறக்க வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. இது நல்ல பதில்தான். ஆனால் என் கார்டை டிசைன் செய்த அன்று நான் இதையெல்லாம் யோசித்தேனா என்று கேட்டால், இல்லை. எனக்குப் பிடித்த ஸ்டூடியோக்களின் கார்டுகள் அப்படி இருந்தன. நானும் அப்படி வைத்துக்கொண்டேன்.

அவர்களுக்கு நான் காட்டிய முதல் ஆப்ஷன் லாரி எழுத்து. பாடி கட்டுகிற பட்டறைகளில் ஷேடு கொடுத்து எழுதுவார்களே, மஞ்சளுக்குச் சிவப்பு ஷேடு, கடைசி எழுத்தின் வால் நீண்டு வளைந்து பெயருக்கு அடிக்கோடாக ஓடும், அது. அதற்காகப் பட்டறை பட்டறையாகப் போய்ப் படம் எடுத்திருந்தேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. தம்பிக்கும் அவருடைய பார்ட்னருக்கும் பிடித்தது. போனில் படம்கூட எடுத்துக்கொண்டார்கள். பிடித்திருக்கிறது, வேண்டாம் என்றார்கள்.

வேண்டாம் என்பதற்குக் காரணம் சொன்னவர் தம்பியுடைய பார்ட்னர், கணக்கு வழக்கு பார்க்கும் அந்தப் பெண். லேப்டாப்பைத் திருப்பி, அவர்கள் போய்ப் பார்க்கவிருந்த ஒரு முதலீட்டு நிறுவனத்தின் பக்கத்தைக் காட்டினார். அவர்கள் பணம் போட்ட கம்பெனிகளின் லோகோக்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் சாம்பல் நிறம், எல்லாம் ஒரே உயரம். "இதுக்குள்ள நம்ம லாரி எழுத்தை வெச்சுப் பாருங்க சார்" என்றார். வைத்தேன். ஷேடு மக்கி, வால் சுருங்கி, ஏதோ கறை படிந்த மாதிரி தெரிந்தது. ஷேடு இல்லாமல் ஒற்றை நிறத்தில் ஒன்று செய்யலாம் என்றேன். "செய்யலாம் சார். ஆனா எல்லாரும் இது என்னன்னு கேப்பாங்க. எங்களுக்குக் குடுக்கறதே கொஞ்ச நேரம். அதுல லோகோவைப் பத்திப் பேச எனக்கு இஷ்டமில்லை."

என்ன வேண்டும் என்று சொல்கிற ப்ரீஃபை இதைவிடத் தெளிவாக எந்தக் கிளையண்டும் எனக்குத் தந்ததில்லை. அன்று அதைப் பயம் என்று நினைத்தேன். மிந்த்ரா கதையையும் அவரே எடுத்தார். மும்பை சைபர் போலீஸில் ஒரு புகார், லோகோ பெண்களை இழிவுபடுத்துகிறது என்று. 2021 ஜனவரியில் கம்பெனி அதை மாற்றவேண்டி வந்தது. அத்தனை பெரிய கம்பெனி தாங்கிக்கொண்டது, எங்களால் முடியாது என்றார். ஃபவுண்டர்களுக்கு இந்த மாதிரிக் கதைகள்தான் நினைவில் நிற்கின்றன. 2010-ல் கேப் (Gap) என்ற அமெரிக்கத் துணிக் கம்பெனி புது லோகோ வெளியிட்டு ஒரு வாரத்துக்குள் பழையதற்கே திரும்பியது, 2014-ல் வீடு வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பியின் சின்னத்தை ஊரே கேலி செய்தது. கேலிக்குப் பிறகும் ஏர்பிஎன்பி அந்தச் சின்னத்தை மாற்றவில்லை என்று நான் சொன்னால் யாரும் குறித்துக்கொள்வதில்லை.

இன்னொரு கதையும் எல்லா ஃபவுண்டருக்கும் தெரியும். 1971-ல் நைக்கி சின்னத்தை ஒரு மாணவி 35 டாலருக்கு வரைந்து கொடுத்தது. என் கொட்டேஷனைப் பார்த்ததும் அது வெளியே வரும். 1983-ல் நைக்கி அவருக்குப் பங்குகள் கொடுத்ததைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பயனில்லை. எங்கள் பக்கத்தில் வேறு கதை உண்டு. 1986-ல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனிக்கு லோகோ செய்ய டிசைனர் பால் ராண்ட் ஒரு லட்சம் டாலர் வாங்கினார். சில ஆப்ஷன் காட்டுங்கள் என்று ஜாப்ஸ் கேட்டதற்கு முடியாது என்றார். ஒன்றுதான் தருவேன், பயன்படுத்துவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். டிசைனர்கள் கூடினால் இந்தக் கதை கட்டாயம் வரும். சொல்லி முடித்துவிட்டு எல்லோரும் போய் மூன்று ஆப்ஷன் செய்வோம்.

நானும் மூன்று செய்திருந்தேன். மூன்றாவது ஸ்மால் லெட்டர், மொட்டை எழுத்து, ஊதா. எண்ணிக்கைக்காக வைத்தது, அதிக நேரம் எடுக்கவில்லை. அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று அத்தனை நேரம் பேசிய நான் அதை ஏன் பையில் கொண்டு போனேன்? கொட்டேஷனில் மூன்று என்று போட்டிருந்தது, அது ஒன்று. கிளையண்டுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு, இது இன்னொன்று. தவிர, எளிய எழுத்து என்பது வெறும் சோம்பேறித்தனம் என்று நான் நம்பவும் இல்லை. 2019-ல் ஆபீஸ் சாட் ஆப்பான ஸ்லாக் தன் லோகோவை மாற்றியபோது சொன்ன காரணம் நியாயமானது: பழையதில் 11 நிறம், சரியாக 18 டிகிரி சாய்வு, வெள்ளையைத் தவிர எந்த நிறத்தின் மேல் வைத்தாலும் கெட்டுவிடும். ஆண்ட்ராய்டு 8 வந்த பிறகு ஆப் ஐகானை வட்டமாக நறுக்குவதா சதுரமாக நறுக்குவதா என்று போன் கம்பெனிதான் முடிவு செய்கிறது. வால் எழுத்துக்கு அங்கே இடமில்லை. பிரவுசர் டேபில் கிடைப்பது 16-க்கு 16 பிக்சல். இதையெல்லாம் அன்றைய பேச்சில் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்கள் பக்கம் பேசியது போல் ஆகியிருக்கும்.

டிரேட்மார்க் வாதத்தையும் போட்டுப் பார்த்தேன், தனித்த சின்னத்துக்குத்தான் பாதுகாப்பு என்று. வக்கீலிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டார்களாம். ஸ்டார்ட்அப்புக்கு ஆன்லைனில் ஒரு கிளாஸுக்கு (பொருள் அல்லது சேவை வகைக்கு) 4,500 ரூபாய், பெயரை வேர்ட் மார்க்காகப் பதிந்துகொள்ளுங்கள், எழுத்துரு எதுவானாலும் பெயர் உங்களுடையது, லோகோவை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இதில் எனக்குக் கடைசியாக மிஞ்சிய நம்பிக்கை லாரிக்காரர்கள். முதலீட்டாளர் என்ன நினைத்தாலும், வண்டி வைத்திருப்பவர் தன் எழுத்தை அடையாளம் கண்டுகொள்வார் என்று நினைத்தேன். தம்பி இரண்டு பிரின்ட்டையும் ஊருக்கு எடுத்துப் போய்ப் பெரியப்பாவிடம் காட்டியிருக்கிறார். அவருக்குச் சொந்தமாக லாரிகள் உண்டு. லாரி எழுத்தைப் பார்த்து, "இது நம்ம வண்டியில இருக்கறதுதான? இதுக்கு எதுக்குடா காசு குடுத்தீங்க?" என்றாராம். ஊதாவைப் பார்த்து, "இது பேங்க் மாதிரி இருக்குது. பணம் போட்டா திரும்பி வரும்" என்றாராம். தம்பி இதைப் போனில் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்படியானால் அந்த எழுத்து யாருக்காக? என் போர்ட்ஃபோலியோவுக்காக என்று என் மனைவி சொல்கிறாள். முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். போர்ட்ஃபோலியோவில் அதை முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்பது உண்மை. அதைப் பார்த்து வேலை வந்ததும் உண்மை. ஆனால் பட்டறையில் அந்த எழுத்தைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் பொய்யில்லை. ஒரு ஊரின் தொழிலுக்கு ஒரு கையெழுத்து இருக்கும்போது அதை விட்டுவிட்டு ஏன் ஊதாவுக்குப் போகவேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். பெரியப்பாவுக்கு அது தினமும் பார்க்கிற எழுத்து, எனக்குக் கண்டுபிடிப்பு. இதில் யார் சொல்வது சரி என்று கேட்டால் ஒரு நாள் ஒரு மாதிரி தோன்றுகிறது.

இதற்குள் காலம் மாறிவிட்டது. ஏஐ கம்பெனிகள் சுழல் வட்டத்துக்கும் நாலு முனை நட்சத்திரத்துக்கும் போய்விட்டன. பர்பெர்ரி 2023-ல் செரிஃப் எழுத்துக்கும் தன் பழைய குதிரை வீரன் சின்னத்துக்கும் திரும்பியது. சென்னையிலும் பெங்களூரிலும் காபிக் கடை, சட்டைக் கடை எதைத் திறந்தாலும் தீப்பெட்டி எழுத்து, லாரி எழுத்து. நான் பட்டறைகளில் அலைந்து எடுத்தது இப்போது டெம்ப்ளேட்டாகக் கிடைக்கிறது.

போன மாதம் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. புதிதாக வந்த முதலீட்டாளர் ஒருவர், உங்கள் துறையில் எல்லா லோகோவும் ஊதாவாக இருக்கிறதே, கொஞ்சம் கேரக்டர் வேண்டாமா என்று கேட்டாராம். "அண்ணா, மொதல்ல காமிச்சீங்களே, அந்த லாரி எழுத்து, ஃபைல் இருக்குங்களா?"

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தது. ஆனால் அன்று வேண்டாம் என்றதும் அடுத்தவர் கண்ணுக்காக, இன்று வேண்டும் என்பதும் அடுத்தவர் கண்ணுக்காக. இடையில் அந்த எழுத்து நல்லதாகவோ கெட்டதாகவோ மாறவில்லை. அன்று அவர்கள் என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த முதல் கூட்டத்தில் பணம் கிடைத்திருக்குமா என்பதும் தெரியாது. கிடைக்காமல் போயிருந்தால் இன்று இந்தச் செய்தியே வந்திருக்காது.

ஃபைல் இருக்கிறது என்று சொல்லி, ஒரு தொகையும் அனுப்பினேன். பதில் அந்தப் பெண்ணிடமிருந்து வந்தது: "சார், அப்பவே மூணு ஆப்ஷனுக்கும் சேர்த்துத்தானே பில் போட்டீங்க?"

ஒப்பந்தத்தில் இதற்கு விதி உண்டு. தேர்வாகாத டிசைன்களின் உரிமை ஸ்டூடியோவுக்கே. விதி என் பக்கம்தான். அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்து பிடிஎஃப்பாக வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. அந்த வால் எழுத்தை முதலில் இழுத்தவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. அது தெரிந்தும், தொகையைக் குறைக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.