ஷிரகவா-கோ: புகையால் வாழும் கூரைகள்

ஜப்பானின் கிஃபு மாநிலத்தில், ஷோ ஆற்றங்கரையில் மலைகள் சூழ அமைந்த ஒகிமாச்சி கிராமத்துக்கு, தகயாமா நகரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். ஷிரகவா-கோ பகுதியைச் சேர்ந்த இக்கிராமத்தையும், அண்டையிலுள்ள கொகயாமாவின் இரு கிராமங்களையும் 1995ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. பனி மூடிய புற்கூரைகளின் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலோர் இங்கு வருகிறார்கள். என்னைக் கேட்டால், அக்கூரைகளை உள்ளிருந்து பார்ப்பதே மேல்.

ஊர்த்தலைவர் குடும்பமாக விளங்கி, வெடியுப்பு வணிகத்திலும் ஈடுபட்ட வாதா குடும்பத்தாரின் வீடு இங்குள்ளவற்றுள் மிகப் பெரியது. கீழ்த்தளத்து அறைகளை நான் விரைவாகவே கடந்தேன். செங்குத்தான படியேறிப் பரணை அடைந்ததும்தான் வீட்டின் சூட்சுமம் விளங்கியது. ஏறத்தாழ 60 பாகைச் சரிவில் நிற்கும் பருத்த கைமரங்கள் ஓர் ஆணிகூட இல்லாமல், வைக்கோல் கயிற்றாலும் முறுக்கிய இளங்கொம்புகளாலும் கட்டப்பட்டிருக்கின்றன. கைமரங்களின் அடிமுனையைக் கூராகச் சீவி உத்திரத்துக் குழியில் வெறுமனே ஊன்றியிருப்பதால், காற்றும் பனிச்சுமையும் அழுத்தும்போது கூரை சற்றே அசைந்து கொடுக்கிறது. முற்காலத்தில் இப்பரணில்தான் பட்டுப்புழு வளர்த்தார்கள்.

கயிறுகள் யாவும் கரியேறி, தார் பூசியதுபோல் மின்னின. கீழே இரோரி எனப்படும் தரையடுப்பிலிருந்து எழும் புகை, பரணின் இடைவெளிகள் வழியே மேலேறிப் பூச்சிகளை விரட்டுகிறது. புல்லையும் கயிற்றையும் உலர்வாக வைத்திருக்கிறது. ஆகவே, ஆள் குடியிருந்து அடுப்பு எரிந்தால்தான் கூரை நிலைக்கும். அப்படியும் 30, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வேய்ந்தாக வேண்டும். 'யுய்' என்னும் முறைப்படி ஊரே திரண்டு அந்த வேலையைச் செய்து கொடுப்பது வழக்கம்.

இத்தகைய வீடுகள் பல அணைக்கட்டினாலும், மக்கள் ஊரைவிட்டு வெளியேறியதாலும் மறைந்துபோயின. எஞ்சியவற்றைக் காப்பதற்காக, விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று ஒகிமாச்சி மக்கள் 1971இல் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டார்கள். அரசின் பாதுகாப்பு 1976இல் வந்தது. ஊரார் அதற்கு முன்பே விழித்துக்கொண்டார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

நண்பகலில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவிவதால், காலையிலேயே போய்விடுவது நல்லது. இரவு தங்க விரும்புவோர் கொகயாமாவின் அய்னோகுராவைப் பார்க்கலாம். அது சிறிய ஊர், கூட்டமும் குறைவு, புல்வேய்ந்த வீடுகள் சிலவற்றிலேயே விருந்தினரைத் தங்க வைக்கிறார்கள்.