மஞ்சள் கட்டம்

ஜூலை 21, 2025, திங்கள்

மதியம் பான்ட்ரியில் நாலு பையன்கள் ஒரு போனைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்க்காமலே தெரியும், எந்த வீடியோ என்று. பாஸ்டன் பக்கம் கோல்ட்பிளே கச்சேரியில் பெரிய திரையில் மாட்டிக்கொண்டார்களே, அந்த சி.இ.ஓ.வும் அவர் கம்பெனி ஹெச்.ஆர். தலைவியும். ராஜினாமா பண்ணியது அந்த சி.இ.ஓ. பேச்சு பூரா அந்தம்மாவைப் பற்றி. "எப்படி அந்தப் போஸ்ட்டுக்கு வந்தாங்கன்னு இப்பதான் புரியுது மச்சான்."

அந்தம்மாவுக்கு எத்தனை வருஷ சர்வீஸ் என்று அதில் ஒருத்தனுக்கும் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை. என்னோடு வந்த டீம் பொண்ணு காபி எடுக்காமலே சீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

ஜூலை 24, வியாழன்

ஏன் திரும்பினாள் என்று இன்று தெரிந்தது. "அக்கா, ஒரு பத்து நிமிஷம்" என்று மீட்டிங் ரூமுக்குக் கூட்டிப்போனாள். டிசம்பரில் கல்யாணமாம். பையன் வேறு யாருமில்லை, ஏப்ரலிலிருந்து அவளுக்கு மேலே இருக்கிற மாட்யூல் லீட். எங்கள் கம்பெனி விதிப்படி ஹெச்.ஆரிடம் சொல்லியாக வேண்டும், ஒருத்தர் மாற வேண்டும்.

அவள் பயம் அதுகூட இல்லை. ஏழு மாசமாக ஆட்டோமேஷன் ஸ்கிரிப்ட் எல்லாம் அவள் எழுதியது. "இனிமே அவன் எழுதிக் கொடுத்ததுன்னுதான்க்கா சொல்வாங்க. ராத்திரி பதினொன்றே காலுக்குப் போட்ட கோட் கமிட்கூட என் ஐடியிலதான் இருக்கு." லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதிவாரியாகத் தனி ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறாள். கல்யாணப் புடவை எடுக்கப் போகிற பொண்ணு.

ஜூலை 26, சனி

தூக்கம் வரவில்லை. 2012-ல் எங்களுக்கும் இதே கதைதான். ஒரே ஃப்ளோர், சிறுசேரி. கல்யாணம் ஆனதும் சப்போர்ட் புராஜெக்ட்டுக்கு, நைட் ஷிஃப்ட்டுக்கு மாற்றியது என்னைத்தான். இவர் "கிளையன்ட்டுக்குத் தெரிஞ்ச முகம்". அடுத்த வருஷம் இவருக்கு ஆன்சைட் வந்தது. கூடப் போகிற குடும்பத்தாருக்கான ஹெச்-4 விசாவில் நானும் நியூ ஜெர்சி போனேன். அந்த விசாவில் அப்போது வேலை பார்க்கவே முடியாது. 2015 மே மாசம்தான் கதவைத் திறந்தார்கள், அதுவும் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால் மட்டும். அதற்குள் நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். "இந்த ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க?" என்று ஒவ்வொரு இன்டர்வியூவிலும் கேட்டார்கள். சாம்பார் வைத்தேன் என்றா சொல்ல முடியும்?

காலையில் இட்லி சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "அப்ப நீயும் சரின்னுதானே சொன்னே?" என்றார். சொன்னேன்தான்.

ஜூலை 30, புதன்

வருஷா வருஷம் நடக்கிற பாஷ் பயிற்சி, வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுப்பது பற்றி. 2013 சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் உள்புகார்க் குழு, மூன்று மாதத்துக்குள் புகார், எல்லாம் மனப்பாடம். இந்தத் தடவை ஒன்று மட்டும் உறுத்தியது. விசாரணை நடக்கும்போது அந்தப் பெண்ணையோ, புகாருக்கு ஆளானவரையோ வேறு இடத்துக்கு மாற்றலாம். அதற்கும் அவள் எழுத்தில் கேட்க வேண்டும். காதலித்துத் தொலைத்தவளை மாற்றுவதற்கு அவளை யாரும் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மேனேஜர் எக்செல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். "ரெண்டு பேர்ல யாரை ரிலீஸ் பண்ணலாம்? நீங்களே சொல்லுங்க." அவள் பெயர் இருந்த கட்டத்தில் ஏற்கெனவே மஞ்சள் அடித்திருந்தது.

"அவன் கிரிட்டிக்கல் ரிசோர்ஸ்" என்றார்.

"அவளும்தான்."

"இல்ல, கல்யாணம் ஆகுது. எப்படியும் அடுத்த வருஷம் 26 வாரம் லீவ் வரும்ல?"

நல்ல மனுஷன். ரெண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. சென்ற மாசம்தான் பெரியவளைக் கம்ப்யூட்டர் சயன்ஸில் சேர்த்தார். நான் "ஆமா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த "ஆமா"வுக்காக ஆபீஸ் கேப்பில் மேடவாக்கம் வரைக்கும் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நெஸ்லே சி.இ.ஓ.வை நேற்று நீக்கிவிட்டார்கள். தனக்குக் கீழே வேலை பார்த்த பெண்ணோடு பழகியதை மறைத்தாராம். ஆக, பெரிய இடத்தில் மேலே இருக்கிறவரையும் நகர்த்த முடிகிறது. அந்தத் தைரியத்தில் மெயில் அடித்தேன்: லீடை பேமென்ட்ஸ் மாட்யூலுக்கு மாற்றலாம், ஸ்கிரிப்ட் எழுதியவள் இங்கேயே இருக்கட்டும். சாயங்காலம் ஒற்றை வரி பதில்: "லெட்ஸ் டிஸ்கஸ்."

செப்டம்பர் 5, வெள்ளி

டிஸ்கஸ் பண்ண ஒன்றுமில்லை. காலையிலேயே அவள் வந்தாள். "நானே போறேன்னு ஹெச்.ஆர்.ல சொல்லிட்டேன்க்கா. அவனுக்கு இந்தத் தடவை ப்ரமோஷன் வர்ற மாதிரி இருக்கு. இப்பப் போய் மாத்தினா கெட்டுடும்."

"அவன் போகச் சொன்னானா?"

"ஐயோ இல்லக்கா. அவன் ஒண்ணுமே சொல்லல."

திங்கட்கிழமையிலிருந்து ரெண்டு வாரம் கே.டி., வேலையை அடுத்தவருக்குக் கைமாற்றுவது. அந்த ஏழு மாச ஸ்கிரிப்ட்டையும் அவனுக்குத்தான் சொல்லிக் கொடுக்கப் போகிறாள்.