ஓக் மரத்தடியும் முறைப்பாட்டு ஏடும்

ஆவணி 15 மடுத் திருவிழா முடிந்து பத்தாம் நாள், பிரான்சை ஆண்ட புனித லூயி அரசரின் நினைவுநாள். ஒன்பதாம் லூயி. 1226இல் பன்னிரண்டு வயதில் முடிசூடி, 1270இல் தூனிசில் இறந்தவர்.

அவரைப் பற்றிப் பேசினால் எல்லாரும் வின்சென் காட்டு ஓக் மரத்தடிக்குத்தான் போவார்கள். பூசை கண்டபின் மரத்தில் சாய்ந்திருந்து, வந்தவர் வழக்கையெல்லாம் கேட்பாராம். எல்லாளனின் ஆராய்ச்சி மணிக்கதை கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது உடனே பிடித்துப்போகும். ஆனால் அந்த மரத்தடிவரை வர வழியில்லாத ஏழை என்ன செய்வான்?

அதற்கும் அவர் வழி செய்தார். 1247இல், சிலுவைப்போருக்குப் புறப்படுமுன், பிரான்சிஸ்கன், டொமினிக்கன் துறவிகளை ஊர் ஊராக அனுப்பினார். அரச அதிகாரிகள் செய்த அநியாயங்களைச் சனத்திடமே கேட்டு எழுதுவது அவர்கள் வேலை. பிடித்துக்கொண்டுபோன மாடு, காரணமில்லாத தண்டம், பறித்த காணி. அந்த ஏடுகள் பல இன்றும் இருக்கின்றன. காணி உறுதிக்காகக் கந்தோர் கந்தோராக ஃபைல் காவித் திரியும் வன்னிச் சனத்துக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. அங்கே கந்தோரே படலைக்கு வந்தது.

1254 மார்கழியில் சட்டம் வந்தது. பைய்யி என்பவர் எங்கள் அரசாங்க அதிபர் மாதிரி. அவர் சபையறியச் சத்தியம் செய்யவேண்டும். காசோ பொருளோ வாங்கக்கூடாது. பழம், பாண், வைன் என்றால் பத்து சூ (அன்றைய பிரெஞ்சு நாணயம்) பெறுமதிக்குள். தன் ஆளுகைக்குள் அரசர் அனுமதியின்றிக் காணி வாங்கவோ, பிள்ளைகளுக்குச் சம்பந்தம் செய்யவோ கூடாது. பதவி முடிந்தபிறகும் ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே இருந்து முறைப்பாடுகளுக்குப் பதில் சொல்லவேண்டும். இந்தக் கடைசி விதிதான் உயிர்நாடி. அதிகாரி கதிரையில் இருக்கும்வரை யார் வாய் திறப்பான்? மாற்றலாகிப் போனபின் யாரைப் பிடிப்பது?

பெரியவர்களையும் அவர் விடவில்லை. தன் காட்டில் வேட்டையாடிய மூன்று இளைஞரை விசாரணையின்றித் தூக்கிலிட்ட கூசிப் பிரபுவை 1259இல் லூவர் கோட்டையில் அடைத்தார். வாட்சண்டையால் வழக்குத் தீர்க்கலாம் என்ற பிரபுவின் கோரிக்கையை மறுத்து, பெருந்தொகை தண்டம் விதித்தார்.

இதே அரசரின் ஆட்சியில்தான் பாரிசில் யூதர்களின் சமய நூலான தல்மூத்தின் ஏடுகள் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரிக்கப்பட்டன. எல்லாம் கையால் எழுதியவை. யூதர் உடையில் அடையாளத்துணி தைக்கவேண்டுமென்று 1269இல் கட்டளையிட்டவரும் அவரே. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததை அறிந்த எங்களால் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகமுடியாது.