ஆடிக் கூழ்: டர்பன் குளிரில் மீலிமீல் புளிக்க வைப்பது

தமிழ்நாட்டு ஆடியில் கேழ்வரகு மாவு ஒரே ராத்திரியில் பொங்கிவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அதே ஆடி நடுக்குளிர்காலம். ஜூலை இரவில் 11 டிகிரி வரை இறங்கும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற முந்தின இரவு கரைத்த மீலிமீல் (மக்காச்சோள மாவு) காலையில் அசையாமல் கிடப்பது இதனால்தான். ருசி குறைவது மட்டும் பிரச்சினை இல்லை. மாவில் லாக்டிக் அமில பாக்டீரியாவும் உண்டு, கெடுக்கும் கிருமிகளும் உண்டு. பிஎச் (புளிப்பை அளக்கும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5-க்குக் கீழே இறங்கும்வரை எது முந்தும் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தைச் சுருக்குவதுதான் முழு வேலையும்.

அளவு: வெள்ளை மீலிமீல் 500 கிராம், கொதித்து வெதுவெதுப்பாக ஆறிய தண்ணீர் 1 லிட்டர், முந்தைய தடவையின் புளித்த கரைசல் 100 மி.லி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் கொதிக்கவைப்பது நல்லது. பாத்திரத்தை மூடி, பக்கத்தில் ஒரு வெந்நீர்ப் பாட்டிலோடு வொண்டர்பேக்கில் (சூட்டைத் தக்கவைக்கும் மெத்தைப் பை) வைத்து, படுக்கப் போகும்முன் பாட்டிலை ஒருமுறை மாற்றினால் 28–30 டிகிரி நிற்கும்.

இப்படி வைத்தது 10–12 மணி நேரத்தில் பிஎச் 4-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. பழைய கரைசல் சேர்க்காமல் வெறும் அடுப்படி மேடையில் வைத்தது ஒரு முழு நாள் கழிந்தும் 5-க்கு மேலேயே நிற்கிறது. அளக்க லிட்மஸ் தாள் போதாது. ஒயின் செய்பவர்கள் வாங்கும் 2.8–4.6 பட்டைதான் சரி.

பழைய கரைசல் இல்லாவிட்டால் அமாசி (தென்னாப்பிரிக்கப் புளித்த பால்) ஊற்றலாமா? ஊற்றலாம், ஆனால் மந்தம். அதிலுள்ள லாக்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா பாலுக்குப் பழகியது. தானியத்தில் கடைசிவரை தாக்குப்பிடிப்பது பிளாண்டாரம் என்ற லாக்டிக் அமில பாக்டீரியா இனம். அமாசியைச் சமைத்த கூழில் சேர்ப்பதே உத்தமம்.

புளித்த கரைசலை 2.5 லிட்டர் கொதிநீரில் கிளறியபடி ஊற்றி 20 நிமிடம் வேகவிடவும். இதற்குப் பிறகுதான் பலர் ஏமாறுகிறார்கள். பேசிலஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாகாது. புளிக்காத கூழைப் பெரிய அண்டாவில் இரவெல்லாம் ஆறவிட்டால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். வித்துகள் முளைத்து வாந்தி நஞ்சை உண்டாக்கிவிடும். மறுபடி கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. அகலத் தட்டங்களில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் ஊற்றி ஆறவிடுங்கள். கை பொறுக்கும் சூடானதும் அமாசி. வெங்காயம், பச்சைமிளகாய் ஊற்றிக் கொடுக்கும்போது மட்டும்.

மேலே படியும் வெள்ளை ஏடு ஈஸ்ட். விஷமில்லை, ஆனால் அமிலத்தைத் தின்று பிஎச்சை ஏற்றிவிடும். எடுத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். இளஞ்சிவப்போ ஆரஞ்சோ கருப்போ தெரிந்தால், வாந்தி வாடை அடித்தால், யோசிக்காமல் முழுவதையும் கொட்டுங்கள்.

புளிப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. 2015 ஜனவரியில் பக்கத்து நாடான மொசாம்பிக்கின் சித்திமாவில், கெட்ட மக்காச்சோள மாவில் காய்ச்சிய பீரைக் குடித்து 75 பேர் இறந்தார்கள். பர்க்கோல்டேரியா கிளாடியோலி உண்டாக்கிய பாங்க்ரெக்கிக் அமிலம்தான் காரணம். அதற்கு ருசியும் கிடையாது, சூட்டிலும் அழியாது. பூஞ்சை நஞ்சான ஃபுமோனிசினும் அப்படித்தான் (1988-ல் அதை முதலில் பிரித்தெடுத்தவர்கள் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களே). புளிக்க வைத்தால் போய்விடும் என்று நம்ப முடியாது. ஈரம் பட்ட, கட்டி தட்டிய, மக்கல் வாடை வீசும் மீலிமீலைக் கூழுக்கு எடுக்கவே வேண்டாம்.

அடுத்த தடவைக்கான 100 மி.லி.யை வேகவைக்கும் முன்பே எடுத்து, கொதிநீரில் கழுவிய கண்ணாடிப் புட்டியில் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆனால் ஒரு கரண்டி மாவும் தண்ணீரும் கொடுத்து, பிஎச் 4-க்கு வந்த பிறகு பயன்படுத்தலாம்.