பத்திரம் கையில, பூட்டு வேற ஆள் கையில

வெளிநாட்டு வக்கீல் ஆபீஸ்களுக்கு சொத்து வழக்கு ஃபைல் ரெடி பண்ணி கொடுக்குறதுதான் ஏழு வருஷமா என் வேலை. பத்திரம், மெயில், போட்டோ, ரசீதுன்னு வர்றதெல்லாம் படிச்சு, எந்த தேதியில என்ன நடந்துச்சுன்னு ஒரு அட்டவணை போடணும். ஆள் இல்லாத கட்டடத்துல யாரோ புகுந்து உக்காந்துக்கிட்ட கேஸ்தான் எங்க டீமுக்கு அதிகமா வரும். சேர்ந்த புதுசுல இதுல வழக்காட என்ன இருக்குன்னே எனக்கு புரியல, பத்திரம் யார் பேர்ல இருக்கோ அவங்க சொத்து, போலீஸ கூப்ட்டா வெளிய அனுப்பிருவாங்க, அவ்ளோதானேன்னு நெனச்சேன்.

அப்படி இல்லன்னு ஒரு இங்கிலாந்து ஃபைல்லதான் கத்துக்கிட்டேன். வயசானவர் ஒருத்தர், அவரும் மனைவியும் நடத்தின கடை, மனைவி இறந்து போனதும் பூட்டிட்டாரு. ரொம்ப நாள் கழிச்சு போனா பூட்டு மாறியிருக்கு, உள்ள நாலஞ்சு பேர் இருக்காங்க. போலீஸ்ல சொன்னா, இது வீடு இல்ல, கடை, கோர்ட்டுக்கு போங்கன்னுட்டாங்க. அவங்க சொன்னது சட்டப்படி சரிதான். அங்க 2012 செப்டம்பர் 1ல இருந்து ஆக்கிரமிச்சு குடியிருக்குறது குற்றம், ஆறு மாசம் வரை ஜெயில் உண்டு, ஆனா அது குடியிருப்பு கட்டடத்துக்கு மட்டும். கடை, குடோன், காலி நிலத்துக்கெல்லாம் அந்தப் பிரிவு வராது. சரின்னு அவரே கதவ உடைச்சு உள்ள போகவும் முடியாது, உள்ள ஆள் இருந்து வராதேன்னு எதிர்க்கும்போது பலவந்தமா நுழைஞ்சா அங்க இருக்குற 1977 குற்றவியல் சட்டப்படி கேஸ் அவர் மேல திரும்பும்.

இதுக்கு ஒரு அவசர வழி இருக்கு, இடைக்கால சுவாதீன உத்தரவுன்னு வச்சுக்கலாம். அது கிடைச்சு, உள்ள இருக்குறவங்களுக்கு முறைப்படி சேர்ப்பிச்சதும் 24 மணி நேரத்துல அவங்க காலி பண்ணணும், இல்லன்னா கைது. ஆனா ஆக்கிரமிப்பு தெரிஞ்ச 28 நாளுக்குள்ள மனு போட்டாகணும். நான் என்ன பண்ணேன்னா, பழைய வரைபடம் ஒண்ணு வரணும், இன்னொரு நகல் வரணும்னு ஃபைல முழுசா ஆக்கி அனுப்பலாம்னு வெயிட் பண்ணேன், ஆக்கிரமிப்பு தெரிஞ்ச நாள்னு அவர் முதல் மெயில்ல சொல்லியிருந்த தேதிய நான் அட்டவணையில ஏத்தும்போது எண்ணிப் பாத்தா 31 நாள் ஆயிருச்சு. மூணு நாள். அப்புறம் சாதாரண வழியிலதான் வழக்கு போச்சு, மாசக்கணக்கா இழுத்துச்சு. கடைசியில தீர்ப்பு அவர் பக்கம்தான். திரும்ப கிடைச்ச கடையோட போட்டோவும் ஃபைலுக்கு வந்துச்சு, அவர் மனைவி கணக்கு எழுதுற மேஜைன்னு முதல் மெயில்ல ஒண்ணு எழுதியிருந்தாரே, அந்த மூலை காலியா இருந்துச்சு. இன்னிக்கும் அந்த போட்டோ என் மனசுல இருந்து போகல.

நாள் தள்ளிப்போறது சொத்தையே தின்னுரும்னு சட்டத்துலயே இருக்குறது பல பேருக்கு தெரியாது. இந்தியாவுல 1963 காலவரம்பு சட்டப்படி, அடுத்தவர் ஒளிவு மறைவில்லாம, இது என்னோடதுன்னு உரிமையாளருக்கு எதிரா 12 வருஷம் தொடர்ந்து அனுபவிச்சு, உரிமையாளர் கேஸே போடலன்னா அவரோட உரிமையே அழிஞ்சுரும், அரசு நிலம்னா 30 வருஷம். அனுபவ பாத்தியதைன்னு சொல்றது இதத்தான். இது நியாயமே இல்லாத சட்டம்னு 2008ல உச்ச நீதிமன்றமே கடுமையா எழுதுச்சு, ஆனா சட்டம் அப்படியேதான் இருக்கு. ஒண்ணு மட்டும் ஆறுதல், நீங்க அனுமதி கொடுத்து குடிவச்ச ஆள் எத்தன வருஷம் இருந்தாலும் அதனால மட்டும் அவருக்கு பாத்தியதை வந்துராது. இங்கிலாந்துல 2002ல கொண்டுவந்த சட்டம் எனக்கு பிடிச்சிருக்கு, பதிவான நிலத்துக்கு 10 வருஷம் கழிச்சு ஒருத்தர் உரிமை கேட்டா, பதிவு அலுவலகம் முதல்ல உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பும், அவர் ஆட்சேபிச்சா பெரும்பாலும் மனு நிக்காது, அதுக்கப்புறம் வெளியேத்த அவருக்கு இன்னும் 2 வருஷம் டைம் இருக்கு. எல்லா நாட்டுலயும் இந்த நோட்டீஸாவது இருக்கணும்.

அப்போ உடனே தூக்கி வெளிய போடுற சட்டம்தான் நல்லதுன்னு சொல்ல வருவீங்க, நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் பேசிட்டு இருந்தேன். 2024 ஜூலை 1ல இருந்து அமெரிக்காவோட ஃப்ளோரிடாவுல அந்த மாதிரி சட்டம் வந்துச்சு, உரிமையாளர் உறுதிமொழியோட புகார் எழுதிக் கொடுத்தா ஷெரிஃபே, அதாவது அந்த ஊர் போலீஸ் அதிகாரியே, நேரா காலி பண்ண வைக்கலாம், கோர்ட்டுக்கு போக வேணாம். ஆனா உள்ள இருக்குறவர் இப்பவோ முன்னாடியோ வாடகைக்கு இருந்தவரா இருக்கக் கூடாது, நெருங்கின குடும்பத்து ஆளா இருக்கக் கூடாது. அங்க இருந்து வந்த முதல் ஃபைல்லயே உரிமையாளர் "அத்துமீறி நுழைஞ்சவங்க"ன்னு எழுதியிருந்தாரு. பாங்க் ஸ்டேட்மென்ட்ட வரி வரியா பாத்துட்டு வர்றேன், மாசா மாசம் ஒரே தொகை, ஒரே பேர்ல இருந்து, பதினாலு மாசம். ஒப்பந்தம் எழுதல, வாய்ப்பேச்சுல குடிவந்த குடும்பம் அது. ரெண்டு மாசம் பணம் வரல, அதனால அவங்க ஆக்கிரமிப்பாளர் ஆயிட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி எங்க டீம் லீடுக்கு போன் பண்ணேன். "அட்டவணையில போட்டுரும்மா, பதினாலு வரியும் தனித்தனியா போடு"ன்னாரு. தப்பா வெளியேத்தினா அந்த குடும்பம் கேஸ் போட்டு வாடகை மதிப்புல மூணு மடங்கு இழப்பீடு கேக்கலாம், அதுவும் அதே சட்டத்துலதான் இருக்கு. அந்த உரிமையாளருக்கு இது தெரியாம இருந்திருக்கலாம், ஆனா அந்த வீட்டுல ரெண்டு குழந்தைங்க இருக்குன்னு அவரே ஒரு மெயில்ல எழுதியிருந்தாரு.

வக்கீல் புகாரை அனுப்பல. முறையா நோட்டீஸ் கொடுத்து வாடகை பாக்கி வழக்கா போச்சு. நான் இப்பல்லாம் எந்த ஃபைல் வந்தாலும் பத்திரத்த கடைசியாத்தான் திறக்குறேன், எப்போ தெரிஞ்சதுங்கிற தேதியையும் அந்த ஆள்கிட்ட இருந்து எப்பவாவது பணம் வந்திருக்காங்கிறதையும் முதல்ல தேடிட்டுத்தான்.