1823இல் எடுத்த படமாம்!

இலங்கை மலையகத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் மாமா ஒரு வீடியோ போட்டிருக்கிறார். "1823இல் தேயிலை பறிக்க வந்த நம் முன்னோர், அரிய புகைப்படம்". பின்னால் சோக இசை. கமெண்ட் முழுக்க அழுகை.

கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். புகைப்படக் கலையை உலகத்துக்கு அறிவித்ததே 1839இல்தான். அப்புறம், படத்தில் இருக்கும் பெண்கள் நெற்றியில் கயிறு மாட்டி, முதுகில் கொழுந்துக் கூடையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இடுப்பளவுக்கு வெட்டிவிட்ட தேயிலை வரிசை வரிசையாக நிற்கிறது. இங்கே முதல் வணிகத் தேயிலைத் தோட்டமாக ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதே 1867இல். 1823 என்பது கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டத்தின் கணக்கு. நம் மக்கள் வந்து 200 வருஷம் ஆனதென்று 2023இல் 'மலையகம் 200' எனத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதுவும் இந்தக் கணக்கில்தான். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியைத் தின்று தீர்த்த பிறகுதான் மலையெல்லாம் தேயிலை ஆனது.

மாமாவிடம் சொன்னேன். "நம்ம கஷ்டத்தத்தானேடா சொல்றான், விடு" என்கிறார்.

எனக்கு எரிச்சலே அதில்தான். தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். கோப்பிக் காலத்து ஆட்கள். தேயிலைச் செடியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். இந்த வீடியோவில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்த பாகம் இராவணனின் விமானத் தளமாம். மாமா சப்ஸ்கிரைப் பண்ணி மணியையும் அழுத்திவிட்டார்.