கீழமாசி வீதியில் முதல் பாலிசி

இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆவதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் போதும். ஆதார், பான், மார்க் ஷீட், பாஸ்புக் நகல் எல்லாம் கொடுத்து, பயிற்சியை முடித்துவிட்டு, ஐ.சி.38 தேர்வு எழுத வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம், 50 கேள்விகள், தேர்ச்சிக்கு 35 சதவீதம். தமிழிலேயே எழுதலாம், நானும் அப்படித்தான் எழுதினேன். கவனமாகப் படித்தால் யாராலும் முடியும்.

வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. எல்லோரும் சொந்தக்காரர்களிடம் தொடங்குவார்கள். அப்பா கணக்கு எழுதிய பழக்கம் இருந்ததால் நான் மதுரை கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடைகளில் தொடங்கினேன். காலையில் சரக்கு இறங்கும் நேரத்தில் போனால் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். மதியச் சாப்பாடு முடிந்து கல்லாவில் ஆள் சாய்ந்து உட்காரும் நேரம்தான் நமக்கு.

ஒரு முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க கமிஷன்ல பாதியக் குடுத்துருங்க தம்பி, இப்பவே கையெழுத்துப் போடுறேன்" என்றார். காப்பீட்டுச் சட்டம் 1938-இன் 41ஆவது பிரிவு இதைத் தடுக்கிறது. 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. விண்ணப்பத்திலேயே அச்சடித்திருப்பார்கள், விரலை வைத்துக் காட்டினேன். அவர் பாலிசி எடுக்கவில்லை. இந்தப் பழக்கத்துக்கு ஒருமுறை இணங்கினால் தெரு முழுக்க அதே பேரம்தான் நடக்கும். புதிதாக வருகிறவர்கள் இதில் உறுதியாக நில்லுங்கள். முதல் சில மாதம் வீட்டுச் செலவுக்கு வேறு வருமானம் இருந்தால் அந்த உறுதி தானாக வரும்.

அங்கே மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லோடுமேன் அண்ணன் என் பின்னாலேயே வாசலுக்கு வந்தார். "எனக்கும் போடலாமா தம்பி?" சட்டைப் பையில் சுகர் மாத்திரை அட்டை தெரிந்தது. விண்ணப்பத்தில் நோய் பற்றிய கேள்வி வந்ததும், "அத எழுத வேணாம், பிரீமியம் ஏறிரும்ல" என்றார்.

"ஏறட்டும்ணே. மூணு வருஷத்துக்குள்ள உங்களுக்கு ஒண்ணுன்னா, மறைச்சதக் காட்டி கிளெய்மை நிறுத்திருவாங்க. மதினி யாருகிட்டப் போய் நிப்பாங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மாத்திரையின் பெயரையும் அளவையும் அவரே அட்டையைப் பார்த்துச் சொன்னார், எழுதிக்கொண்டேன். ரத்தப் பரிசோதனைக்குக் கூடவே போனேன். பிரீமியம் கூடத்தான் வந்தது. பரவாயில்லை என்று கட்டினார். நாமினியாக எழுதிய மதினியின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் ரேஷன் கார்டில் வேறு மாதிரியும் இருந்தது. அதையும் முதலிலேயே சரிசெய்ய வைத்தோம்.

பாண்ட், அதாவது பாலிசிப் பத்திரம், வந்ததும் கல்லூரியில் படிக்கும் அவர் மகளிடம் கொடுத்து முழுதும் படிக்கச் சொன்னேன். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் சொன்னேன். படித்துவிட்டு இரண்டு சந்தேகம் கேட்டாள். இரண்டுக்கும் கம்பெனியிடமிருந்தே எழுத்தில் பதில் வாங்கிக் கொடுத்தேன்.